"ஒரு சைஸ் பெருசு" என்றால் எது பெரிது? கார் டயர், ரிம் அளவுகள்: ஓர் எளிய விளக்கம்

மதுரையில் காளவாசலிலிருந்து பழங்காநத்தம் போகும் பைபாஸ் சாலையில், ஒரு டயர் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து, அலைன்மென்ட் மேடையில் என் காரின் முறை வருவதற்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு ஸ்விஃப்ட் நின்றது. நான்கு டயர்களும் தேய்ந்துபோனதால் மாற்ற வந்திருந்தார் அதன் உரிமையாளர். கடையில் வேலை பார்க்கும் பையன் குனிந்து டயரைப் பார்த்துவிட்டு, "ஒரு சைஸ் பெருசாப் போட்டுருவோம்ண்ணே. இன்னோவாவுக்குப் போடுற டயரு ஒரு செட் கெடக்கு, இதே ரிம்முல உக்காந்துரும். வண்டி கெத்தா நிக்கும்" என்றான். "மைலேஜ் அடிவாங்குமாப்பா?" என்று அவர் கேட்டார். "கூடத்தாண்ணே செய்யும். பெரிய வீலு கம்மியாத்தான சுத்தும்" என்று பதில் வந்தது.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அந்த டயர் அந்த ரிம்மில் உட்காரும் என்பது உண்மை. பெரிய சக்கரம் குறைவாகச் சுற்றும் என்பதும் உண்மை. ஆனால், இந்த இரண்டு உண்மைகளிலிருந்து "எனவே போடலாம்" என்ற முடிவு வந்துவிடாது. சிக்கல் "பெருசு" என்ற சொல்லில் இருக்கிறது. டயர் உயரமாக இருந்தாலும் பெருசு, அகலமாக இருந்தாலும் பெருசு, ரிம்மின் விட்டம் கூடினாலும் பெருசு, சக்கரம் மட்கார்டுக்கு வெளியே தள்ளி நின்றாலும் பெருசு என்றுதான் சொல்கிறோம். இவை நான்கும் வெவ்வேறு அளவுகள். காரின் வெவ்வேறு பாகங்களைத் தொடுபவை. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிய கூட்டல், பெருக்கல்தான்.

கடைப் பேச்சில் "வீல்" என்பது சில நேரம் ரப்பரையும் சில நேரம் உலோகத்தையும் குறிக்கும். குழப்பம் வராமலிருக்க, இக்கட்டுரையில் ரப்பர் பகுதியை டயர் என்றும், அது மாட்டப்படும் உலோகப் பகுதியை ரிம் என்றும், இரண்டும் சேர்ந்து உருள்வதைச் சக்கரம் என்றும் சொல்கிறேன்.

வளையல் அளவைப் போல ஒரு கணக்கு

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வளையல் கடைகளில் "ரெண்டு ஆறு கொடுங்க" என்று கேட்பார்கள். பெட்டியில் 2.6 என்று எழுதியிருக்கும். அது இரண்டு புள்ளி ஆறு அங்குலம் என்று நினைத்து அளந்து பார்த்தால் கணக்கு இடிக்கும். இரண்டு அங்குலமும், ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பங்கிட்டால் அதில் ஆறு பங்கும் என்பதே அதன் பொருள், அதாவது 2.375 அங்குலம். வாங்குகிறவருக்கு அது தெரியாவிட்டாலும் கை தெரிந்திருப்பதால் சமாளித்துவிடலாம். டயரில் அப்படிச் சமாளிக்க வழியில்லை; எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தாக வேண்டும்.

அந்த ஸ்விஃப்ட் காரின் டயரில் 185/65 ஆர் 15 88 எச் என்று பொறித்திருந்தது. முதல் எண்ணான 185, டயரின் அகலம், மில்லிமீட்டரில். இது சாலையைத் தொடும் பரப்பின் அகலம் என்று பலரும் நினைக்கிறார்கள். காற்றடித்த டயரின் இரு பக்கங்களும் பிதுங்கி நிற்கும் இடத்தில், இந்தப் பிதுக்கத்திலிருந்து அந்தப் பிதுக்கம் வரை உள்ள அகலம் அது. சாலையைத் தொடும் பட்டை அதைவிடக் குறுகலாகவே இருக்கும்.

இரண்டாவது எண் 65. அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். இது மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். ரிம்மின் விளிம்பிலிருந்து சாலை வரை உள்ள ரப்பர் சுவருக்குப் பக்கச் சுவர் என்று பெயர். அதன் உயரம், முதலில் சொன்ன அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதையே இந்த எண் சொல்கிறது. 185இல் 65 சதவீதம் என்றால் ஏறத்தாழ 120 மி.மீ. ஆகவே 65 என்று எழுதிய எல்லா டயர்களுக்கும் ஒரே உயரமுள்ள பக்கச் சுவர் இருக்காது. அகலம் கூடினால், 65 மாறாவிட்டாலும் சுவரும் சேர்ந்தே உயரும். இன்னோவா டயர் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அடுத்து வருவது ஆர் என்ற எழுத்து. "ஆர் ஃபிஃப்டீன்" என்று சொல்லிச் சொல்லி, அது ரிம்மைக் குறிக்கிறது என்றே பலர் நம்பிவிட்டார்கள். பள்ளிக்கூட வடிவியல் மறக்காத சிலர் ஆரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ரேடியல் என்பதன் முதலெழுத்து: டயருக்குள் இருக்கும் நூலிழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர் குறுக்காக ஓடும் கட்டமைப்பு. 1946இல் மிஷலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற இந்த முறையில்தான் இன்றைய கார் டயர்கள் அநேகமாக எல்லாமே வருகின்றன. எனவே அளவைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த எழுத்தைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அதற்குப் பின்னால் வரும் 15 மட்டுமே ரிம்மின் விட்டம், அது அங்குலத்தில்.

ஆக, ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என்று மூன்று வகை அளவுகள் வருகின்றன. கடைசியில் இருக்கும் 88 எச் எடையையும் வேகத்தையும் பற்றியது. அதைப் பின்னால் பார்ப்போம்.

முழம் போடும் கை

இந்த மூன்று எண்களையும் சேர்த்தால் சக்கரத்தின் மொத்த விட்டம் கிடைக்கும். 15 அங்குலம் என்பது 381 மி.மீ. அதன் மேலே ஒரு பக்கச் சுவர், கீழே ஒரு பக்கச் சுவர், ஒவ்வொன்றும் 120.25 மி.மீ. மூன்றையும் கூட்டினால் 621.5 மி.மீ. டயர் அளவுகளில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இந்த எண்தான் என்பது என் கருத்து. ஆனால் டயரில் எழுதப்படாத எண்ணும் இதுதான்.

ஏன் முக்கியம் என்பதற்குப் பூக்காரம்மாவிடம் போக வேண்டும். மல்லிகைச் சரத்தை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை இழுத்து இழுத்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி அறுத்துத் தருகிறார். அவர் எண்ணுவது முழத்தை. பூவின் நீளத்தை அவர் அளப்பதே இல்லை. கை நீளமானவர் போட்டால் பத்து முழத்தில் பூ கூடுதலாக வரும், சிறுமி போட்டால் குறையும். எண்ணிக்கை என்னவோ பத்துதான். காரின் ஸ்பீடோமீட்டரும் இதையே செய்கிறது. கார் எத்தனை மீட்டர் நகர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் சொல்லிக்கொடுத்த கணக்கால் பெருக்கிக் காட்டுகிறது. சக்கரத்தை மாற்றினால் கை மாறிவிடுகிறது. எண்ணுகிறவருக்கு அது தெரிவதில்லை.

இப்போது கடைப் பையன் காட்டிய டயருக்கு வருவோம். பழைய இன்னோவாவின் அளவு 205/65 ஆர் 15. ரிம் அதே 15 அங்குலம், ஆகையால் உட்காரும். பக்கச் சுவரோ 205இல் 65 சதவீதம், அதாவது 133.25 மி.மீ. மொத்த விட்டம் 647.5 மி.மீ. பழைய விட்டத்தைவிட 26 மி.மீ., அதாவது 4.2 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார், பழைய டயரில் அதே 100 காட்டியபோது போனதைவிட 4 சதவீதம் கூடுதலான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். உள்ளதைவிடக் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக உற்பத்தியாளர்கள் ஸ்பீடோமீட்டரைச் சற்று மிகையாகவே அமைக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத்தான் பெரிய சக்கரம் தின்றுவிடுகிறது.

மைலேஜ் பற்றிய வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த முழக் கணக்கை மறந்ததால் வருபவை. 40 லிட்டர் பெட்ரோலில் கார் உண்மையாகவே 800 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும், 4.2 சதவீதம் பெரிய சக்கரத்தில் மீட்டர் 768 என்றே காட்டும். வகுத்துப் பார்ப்பவர் 20 கிடைத்த இடத்தில் 19.2 என்று கண்டு வருந்துவார். இதற்கு எதிர்மாறாகச் சின்ன டயர் போட்டவர் மைலேஜ் கூடிவிட்டது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு பேர் வண்டியிலும் உண்மையில் என்ன நடந்தது என்பது மீட்டருக்கே தெரியாது.

இழுவையும் மாறும். திருப்பரங்குன்றம் மலைப் படிகளில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினால் அடிகள் குறையும், முழங்கால் வலிக்கும். பெரிய சக்கரமும் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகிறது. அதற்கான விலையை இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் கொடுக்கிறது. திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் ஒரே சீராக ஓட்டும்போது இது உறைக்காது, இன்ஜின் சற்று நிதானமாகச் சுற்றுவதுபோலவும் தோன்றும். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில், ஐந்து பேரோடு, ஏசி ஓட, கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் ஏற்ற வேண்டியிருக்கும்போது நன்றாகவே உறைக்கும். "கம்மியாத்தான சுத்தும்" என்று பையன் சொன்னதன் மறுபாதி இது.

இந்த விட்டத்தைக் காகிதத்தில் மட்டும் நம்ப வேண்டியதில்லை. சமதரையில் டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, டயரின் கோடு மறுபடி தரைக்கு வரும்வரை காரைத் தள்ளி, இரண்டு கோடுகளுக்கும் நடுவே டேப் வைத்து அளக்கலாம். 185/65 ஆர் 15 டயருக்குக் காகிதக் கணக்கு 195 செ.மீ. என்று சொல்லும், தரையில் ஏறத்தாழ 190தான் வரும். காரின் எடையில் டயர் கொஞ்சம் அமுங்கி உருள்வதே காரணம். புது டயரையும் இதே முறையில் அளந்தால் ஒப்பீடு சரியாக இருக்கும்.

சுருக்கமாக: ஸ்பீடோமீட்டர், கிலோமீட்டர் கணக்கு, கியரின் இழுவை ஆகிய எல்லாம் மொத்த விட்டத்தை நம்பியே அமைக்கப்பட்டவை. மாற்றினால் வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. 2 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

கட்டை வண்டியும் டயர் வண்டியும்

விட்டத்தை மாற்றாமல் ரிம்மை மட்டும் பெரிதாக்க முடியுமா? முடியும். உளுந்த வடையை எடுத்துக்கொள்ளுங்கள். வடையின் வெளிச்சுற்று மாறாமல் நடுத்துளை மட்டும் பெரிதானால், குறைவது மாவு. ரிம் துளை, டயர் மாவு. 185/65 ஆர் 15க்குப் பதிலாக 195/55 ஆர் 16 போட்டால் மொத்த விட்டம் 620.9 மி.மீ.; பழையதோடு ஒப்பிட ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. பக்கச் சுவரோ 120இலிருந்து 107 மி.மீ. ஆகிவிடுகிறது. இன்னொரு படி மேலே போய் 205/45 ஆர் 17 போட்டால் விட்டம் 616.3 மி.மீ., அப்போதும் ஒரு சதவீதத்துக்குள்தான். ஆனால் பக்கச் சுவர் 92 மி.மீ. மட்டுமே. கடைகளில் "அப்சைஸ்" என்று சொல்வதன் முறையான வடிவம் இதுதான்: ரிம் வளர, ரப்பர் சுருங்க, மொத்தம் அப்படியே நிற்க வேண்டும்.

சுவர் சுருங்கினால் என்ன நஷ்டம் என்பதை மாட்டு வண்டியில் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மரச் சக்கரத்தில் இரும்புப் பட்டை அடித்த கட்டை வண்டியில் உட்கார்ந்து வரப்போரப் பாதையில் போனால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் பதிவாகும். அதே பாதையில் டயர் வண்டி வந்தபோது மாடும் மனிதரும் ஒருசேர மூச்சுவிட்டார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, நடுவில் அடைபட்டிருக்கும் காற்று. பக்கச் சுவர் அமுங்கி மீளும்போது அந்தக் காற்று ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. சுவரின் உயரம் குறையக் குறைய, கார் கட்டை வண்டியை நோக்கி ஒவ்வொரு அடியாகத் திரும்பிப் போகிறது என்றே சொல்லலாம்.

முதுகு வலி மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பள்ளத்தின் கூரான விளிம்பில் சக்கரம் இறங்கி ஏறும்போது, உயரம் குறைந்த சுவர் முழுவதுமாக அமுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ரப்பர் நசுங்கும். உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்தால், அந்த இடத்தில் சில நாளில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு புடைப்பு எழும். அதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. டயரையே மாற்ற வேண்டும். ஸ்டீல் ரிம் இத்தகைய அடியில் நெளியும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் ரிம் விரிசல் விடக்கூடும்.

லாபமும் இல்லாமல் இல்லை. சுவர் குட்டையாக இருந்தால் வளைவுகளில் டயர் பக்கவாட்டில் சாய்ந்து குழைவது குறையும். ஸ்டியரிங் திருப்பியதும் கார் உடனே திரும்பும். நல்ல சாலையில், வேகமாக ஓட்டப் பிடித்தவர்களுக்கு அது மகிழ்ச்சியே. ஆனால், வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஊர்ப்பக்கம் போய், வெள்ளைக் கோடு போடாத வேகத்தடைகளையும் குழாய் பதிக்கத் தோண்டி மூடாத பள்ளங்களையும் இருட்டில் கடக்க வேண்டிய ஒருவர், சிறிய காரில் டயரின் இரண்டாவது எண் 55க்குக் கீழே இறங்குவதை நான் சம்மதிக்க மாட்டேன்.

அகலமான டயர் அதிகம் பிடிக்குமா?

அகலம் கூடினால் தரையைத் தொடும் பரப்பும் கூடும் என்று தோன்றுவது இயல்பு. பரப்பைப் பெருமளவு தீர்மானிப்பது வேறு இரண்டு: சக்கரத்தின் மேலுள்ள எடை, உள்ளே உள்ள காற்றழுத்தம். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ இருக்கிறது, காற்று 33 பி.எஸ்.ஐ. என்று கொள்வோம். அந்த அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.3 கிலோ. 300 கிலோவைத் தாங்க ஏறத்தாழ 130 சதுர செ.மீ. தேவை, விரித்த கையின் அளவு. டயர் குறுகலானாலும் அகலமானாலும் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. அதன் வடிவம்தான் மாறும். குறுகிய டயரில் நீளவாக்கில் இருக்கும் கை, அகலமான டயரில் குறுக்குவாக்கில் திரும்பிக்கொள்கிறது. வளைவுகளில் அந்தக் குறுக்கு வடிவம் உதவும் என்பதால் அகலமான டயருக்கு ஒரு பலன் உண்டு. ரப்பரின் தரமும் டயரின் வயதும் அதைவிடப் பெரிய வித்தியாசத்தைச் செய்யும்.

மழையில் கணக்கு தலைகீழாகும். நாற்று நடும் முன் சேற்றில் பரம்படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அகலமான பலகை சேற்றில் புதையாமல் மேலே வழுக்கிக்கொண்டு போகும். அதே சேற்றில் மனிதரின் கால் நேராக உள்ளே இறங்கிவிடும். ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரின் மேல் வேகமாக வரும் அகலமான டயர் பரம்புப் பலகையைப் போல நடந்துகொள்ளும்: தண்ணீரைப் பிளந்து தரையைத் தொடுவதற்குப் பதிலாக அதன் மேலேயே மிதக்கத் தொடங்கும். அந்த நொடியில் ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் வேலை இல்லை. குறுகிய டயரிலும் இது நடக்கும், ஆனால் இன்னும் கூடுதல் வேகத்தில்தான்.

ரிம் என்னும் மறந்துபோன பாதி

அலாய் ரிம் வாங்கப் போகிறவர்கள் டிசைனைப் பார்ப்பார்கள், விட்டத்தைக் கேட்பார்கள், விலை பேசுவார்கள். கேட்க வேண்டிய நான்கு அளவுகள் அதற்குப் பிறகும் மீதமிருக்கின்றன.

முதலாவது ரிம்மின் அகலம். 5.5 ஜே, 6 ஜே என்று எழுதியிருக்கும்; எண் அங்குலத்தில், ஜே என்பது விளிம்பின் வடிவத்தைக் குறிக்கும் குறியீடு. ஒவ்வொரு டயருக்கும் இத்தனையிலிருந்து இத்தனை அங்குலம் வரை என்று ஒரு வரம்பு உண்டு. 185/65 ஆர் 15 டயருக்கு அது 5 முதல் 6.5 வரை. குறுகிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால், இடுப்பில் கயிறு கட்டிய கோணிப்பைபோல நடுப்பகுதி உப்பி, தேய்மானம் ஒரே இடத்தில் விழும்.

இரண்டாவது பி.சி.டி. நட்டுகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் அது. பல சிறிய கார்களில் 4×100, அதாவது நான்கு நட்டு, 100 மி.மீ. வட்டம். சற்றுப் பெரிய கார்கள் பலவற்றில் 5×114.3. 114.3 என்ற விநோத எண்ணைப் பார்த்து வியக்க வேண்டாம். அது சரியாக நாலரை அங்குலம். இதில் தொலைவான அளவுகளால் ஆபத்தில்லை, மாட்டவே முடியாது. நெருக்கமான அளவுகள்தான் ஆபத்தானவை. சில ஃபியட் கார்களின் 4×98 ரிம்மை 4×100 ஹப்பில் (காரில் ரிம் மாட்டப்படும் மையப் பகுதியில்) வைத்து இறுக்கினால், இறுகியதுபோலவே தோன்றும். ஆனால் நட்டுகள் சாய்வாக அமர்ந்து, ஓட ஓடத் தளரும்.

மூன்றாவது நடுத்துளை. காரின் ஹப் ரிம்மின் நடுத்துளையில் அசையாமல் பொருந்த வேண்டும். கடையில் தனியாக விற்கும் அலாய்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகத் துளையைப் பெரிதாகவே விடுவதுண்டு. ஆணி நடுவில் இறங்காத பம்பரம் எப்படித் தலையாட்டுமோ அப்படி, மையம் தவறிய சக்கரமும் வேகம் கூடும்போது அதிரும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நிற்காது. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

நான்காவதுதான் நுணுக்கமானது: ஆஃப்செட். ரிம்மின் அகலத்தை நடுவே இரண்டாக வெட்டும் ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறதோ அதுவே ஆஃப்செட். ரிம்மில் இ.டி. 45 என்பதுபோலப் பொறித்திருக்கும். இந்த எண் குறையக் குறைய, சக்கரம் காரைவிட்டு வெளியே நகரும். 45க்குப் பதில் 35 போட்டால் சரியாக 10 மி.மீ. பார்வைக்கு "அகலமா நிக்குது" என்று தோன்றும். ஆனால், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடித்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இதில் இருக்கிறது. எடை மாறவில்லை, தாங்கும் தோள்தான் வலிக்கிறது. இங்கே தோள் என்பது வீல் பேரிங். அது சீக்கிரம் தேய்ந்து, 60க்கு மேல் போனால் "உய்ய்" என்று ஒரு சத்தத்தை எழுப்பத் தொடங்கும். எண் கூடினாலோ, சக்கரம் உள்ளே நகர்ந்து சஸ்பென்ஷனில் உரசும்.

ஆக, ரிம்மைப் பொறுத்தவரை விட்டம் என்பது ஐந்தில் ஒன்றுதான். அகலம், பி.சி.டி., நடுத்துளை, ஆஃப்செட் ஆகிய நான்கையும் பழைய ரிம்மின் உள்பக்கத்திலோ காரின் விவரக் குறிப்பிலோ பார்த்து எழுதிக்கொண்டு போனால், டிசைனைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை.

88 எச்

டயரின் கடைசிக் குறியீட்டில் 88 என்பது நேரடியான கிலோ அல்ல. ஓர் அட்டவணையில் வரிசை எண். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 85 என்றால் 515. எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரையிலான வேகத்தையும், டி என்பது 190 வரையிலான வேகத்தையும் குறிக்கும். 190இல் யாரும் போகப் போவதில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த எழுத்து வெப்பத்தைத் தாங்கும் திறனைப் பற்றியது. சித்திரை வெயிலில் ராமேசுவரம் சாலையில் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடும் காருக்கு அது தேவைப்படும். பழைய டயரில் இருந்த எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழே இறங்கக் கூடாது, மேலே போகலாம் என்பதோடு இதை விட்டுவிடலாம்.

எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கும். அந்தக் காருக்கு உற்பத்தியாளர் அனுமதித்த டயர் அளவுகளும் ஒவ்வொன்றுக்கும் அடிக்க வேண்டிய காற்றின் அளவும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். பல கார்களில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் இருக்கும், ஏனென்றால் ஒரே காரின் மலிவான வகைக்கும் விலையுயர்ந்த வகைக்கும் வெவ்வேறு அளவு கொடுக்கிறார்கள். ஸ்விஃப்ட் காரையே பார்க்கலாம்: கீழ் வகைகளில் 165/80 ஆர் 14, மேல் வகைகளில் 185/65 ஆர் 15 என்று பல ஆண்டுகளாக வந்திருக்கிறது. முதலாவதன் விட்டத்தைக் கணக்கிட்டால் 619.6 மி.மீ.; இரண்டாவதோடு வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர் மட்டுமே. தொழிற்சாலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் விட்டத்தை எப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஓடும் சக்கரங்கள் 15 அங்குல அலாயாக இருந்து, ஸ்டெப்னி மட்டும் 14 அங்குல ஸ்டீல் ரிம்மாக இருக்கும் கார்களில், அதை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர முடிவதும் இதனால்தான்.

பெரிய ரிம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு நான் சொல்வது, உங்கள் காரின் மேல் வகைக்கு என்ன அளவு வருகிறதோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே. அந்த அளவில் ஆஃப்செட், மட்கார்டு இடைவெளி, காற்றழுத்தம் எல்லாம் ஏற்கெனவே சோதிக்கப்பட்டுவிட்டன. அதைத் தாண்டினால் வாரண்டியில் பேரிங், சஸ்பென்ஷன் பழுதுகளை மறுக்க நிறுவனத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். காற்றழுத்தத்துக்கும் ஸ்டிக்கரையே நம்ப வேண்டும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் காருக்கான அளவு அல்ல. காற்றைக் காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்ப்பது நல்லது. டயருக்குள் வெப்பம் 6 டிகிரி கூடினால் அழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. கூடும், நண்பகல் வெயிலில் ஓட்டிக்கொண்டு போய் அளந்துவிட்டு "காத்து ஜாஸ்தி" என்று இறக்கிவிட்டு வருகிறவர்கள் மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு கிளம்புகிறார்கள்.

அந்த ஸ்விஃப்ட்காரர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். ஒரு பில்லின் பின்பக்கத்தில் 621.5, 647.5 என்று இரண்டு எண்களை எழுதிக் காட்டினேன். பையனும் எட்டிப் பார்த்தான். "பதிமூணு மில்லி வண்டி தூக்கும்ல சார்?" என்றான். தூக்கும், விட்டத்தில் கூடிய 26 மி.மீ.யில் பாதி தரை இடைவெளியாகக் கிடைக்கும் என்பது நியாயமான லாபம்தான். ஆனால் மேலே மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே அதே பதின்மூன்று குறையும். அதைத் தெரிந்துகொள்ள எண்கள்கூட வேண்டாம். புது அளவு போட்டவர்கள் யாராக இருந்தாலும், பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை திருப்பி, மெதுவாகப் பின்னால் எடுத்து, மறுபக்கமும் அப்படியே செய்து, கடைக்கு எதிரே உள்ள வேகத்தடையில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். எங்காவது "சர்ர்" என்று ரப்பர் உரசும் சத்தம் கேட்டால், பழைய டயர்களைக் கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் உள்ளே உருட்டிக்கொண்டு போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.